கேஷும் காசும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைத் தேடும் முறை

தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஒரு தேநீர் வாங்கினால், கடைக்காரர் “ஒரு வெள்ளி நாற்பது காசு” என்று விலையைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே “கேஷா, நெட்ஸா?” என்று கேட்பார். நெட்ஸ் என்பது சிங்கப்பூரில் மின்வழியாகப் பணம் செலுத்தும் முறை. டாலரை வெள்ளி என்றும் சென்ட்டைக் காசு என்றும் வழங்குவது சிங்கப்பூர், மலேசியத் தமிழரின் மரபு. ஆகவே காசு, கேஷ் என்னும் இரு சொற்களும் ஒரே வாயிலிருந்து அடுத்தடுத்து விழுவதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் நமக்கு எழுவதில் வியப்பில்லை. ஆங்கிலேயர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல்தான் கேஷ் என்று ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நாள்களில் யாராவது ஒருவர் மேடையில் சொல்லாமல் இருப்பதில்லை. நானும் என் பங்குக்குச் சொல்லியிருக்கிறேன். உறவுக்காரச் சிறுமி ஒருத்தியின் பேச்சுப் போட்டிக்கு அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான்தான். நடுவர்களில் ஒருவர் அவளிடம், “எந்த நூற்றாண்டில் போயிற்று, யார் கொண்டுபோனார்கள்?” என்று அன்பாகத்தான் கேட்டார். அவள் விழித்தாள். வீட்டுக்கு வந்து அதே கேள்விகளை என்னிடம் கேட்டபோது நானும் விழித்தேன்.

அவ்விரண்டு கேள்விகளுக்கு விடை தேடியபோது எனக்குப் பிடிபட்ட முறையைத்தான், கேஷ் என்ற ஒரே சொல்லை எடுத்துக்காட்டாக வைத்து, இங்கே விளக்குகிறேன். மொழியியல் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனால், ஒரு சொல்லின் வேரைத் தாமே தேடிப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இது பயன்படும். மேடையில் சொல்லப்படும் அந்தக் கூற்று முழுப் பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

எந்தச் சொல்லைத் தேடுகிறோம்?

தேடலைத் தொடங்குவதற்கு முன், கையில் இருப்பது ஒரு சொல்லா பல சொற்களா என்பதை முடிவு செய்ய வேண்டும். நல்ல ஆங்கில அகராதிகள், எழுத்து ஒன்றாகவும் பிறப்பு வேறாகவும் உள்ள சொற்களுக்குத் தனித்தனித் தலைப்பும் வரிசை எண்ணும் கொடுத்திருக்கும். பெரும்பாலோர் இந்த எண்களைக் கவனிப்பதே இல்லை. முதல் தலைப்பின் பொருளையும் இரண்டாம் தலைப்பின் வரலாற்றையும் ஒட்டுப்போட்டு ஒரு கதையை உண்டாக்கிவிடுகிறார்கள். வீட்டில் வழங்கும் ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். பயணத்துக்கு எடுத்துச் செல்லும் சூட்கேஸிலுள்ள கேஸ் வேறு, நீதிமன்றத்தில் நடக்கும் கேஸ் வேறு. முன்னது பெட்டி என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்தும், பின்னது ‘விழுதல், நேர்தல்’ என்னும் பொருளுடைய மற்றொரு லத்தீன் சொல்லிலிருந்தும் வந்தவை. ஆங்கிலத்திலேயே இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

கேஷ் என்று தேடினால் அகராதியில் இரண்டு பெயர்ச்சொற்கள் கிடைக்கும். ஒன்று, கையிருப்புப் பணம், ரொக்கம் என்று நாம் அனைவரும் அறிந்த பொருளுடையது. மற்றொன்று, இந்தியாவிலும் சீனாவிலும் மலாய்த் தீவுகளிலும் வழங்கிய சிறு மதிப்புள்ள செப்பு நாணயத்தைக் குறிப்பது. இவற்றின் அருகிலேயே, பணியிலிருந்து அவமதித்து நீக்குதல் என்னும் பொருளில், குறிப்பாகப் படை அதிகாரிகளைப் பற்றிப் பேசும்போது வழங்கும் கேஷியர் என்ற வினைச்சொல் ஒன்றும் இருக்கும். கல்லாவில் அமர்ந்திருக்கும் கேஷியருக்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை. உடைத்தல், செல்லாததாக்கல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் டச்சு மொழி வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்ததன் விளைவு அது. இவை போதாவென்று, கைப்பேசியில் இடம் அடைத்துக்கொண்டிருப்பதாக நாம் அழிக்கும் கேஷும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் எழுத்து வேறு, ஒலி மட்டும் ஒன்று. ஒளித்துவைத்தல் என்னும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்து, வட அமெரிக்காவில் வேட்டைக்குச் சென்றோர் உணவையும் பொருள்களையும் மறைத்து வைத்த இடத்தைக் குறித்து, பின்னர் கணினிக்குள் நுழைந்த சொல் அது. தமிழ் எழுத்தில் எழுதும்போது நாம் எல்லாவற்றையும் ‘கேஷ்’ என்றே எழுதுவதால் நமக்குக் குழப்பம் ஒரு பங்கு கூடுதல். கேஷ்யூ என்னும் முந்திரி, பிரேசில் பழங்குடியினரின் மொழியிலிருந்து போர்த்துக்கீசியர் எடுத்து வந்தது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இன்றைய பொருளை நம்பாதீர்கள்

இரண்டாவது வேலை, சொல் முதன்முதலில் எழுத்தில் தோன்றிய காலத்தில் அதற்கு என்ன பொருள் இருந்தது என்று பார்ப்பது. ஒலி ஒத்துப்போவதைக் கண்டவுடன் மனம் இன்றைய பொருள்களை ஒப்பிடத் தொடங்கிவிடுகிறது. காசும் பணம், கேஷும் பணம், ஆகவே இரண்டும் ஒன்று என்று முடித்துவிடுகிறோம். ஒப்பிட வேண்டியது இன்றைய பொருள்களை அன்று, அன்றைய பொருள்களை.

ரொக்கம் என்னும் பொருளுடைய கேஷ் ஆங்கில எழுத்தில் தோன்றுவது 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில். அப்போது அது பணத்தை மட்டும் குறிக்கவில்லை. பணம் வைக்கும் பெட்டியையும் குறித்தது. 1611இல் வெளிவந்த ராண்டில் காட்கிரேவின் பிரெஞ்சு–ஆங்கில அகராதி, பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது வணிகரின் ‘கேஷ்’, அதாவது வணிகரின் பணப்பெட்டி, என்ற பொருளையும் தருகிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்திலோ ஒரு பாத்திரம் கடனைக் ‘கேஷாக’த் தந்துவிடுவதாகச் சொல்கிறது. அங்கே பொருள் பணம்தான். ஒரே தலைமுறையில் பெட்டியும் அதற்குள் இருந்த பணமும் ஒரே பெயரில் வழங்கியிருக்கின்றன. பிறகு பெட்டி மறைந்து பணம் மட்டும் நிலைத்தது. நம் இலக்கணப்படி இது இடவாகுபெயர். இடத்தின் பெயர் அவ்விடத்தில் இருக்கும் பொருளுக்கு ஆகிவருகிறது. ‘கல்லா நிரம்பியதா?’ என்று கேட்கும் கடை முதலாளி மேசை இழுப்பறையைப் பற்றியா கேட்கிறார்?

பெட்டி என்னும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அண்டை மொழிகளை விசாரிக்க வேண்டும். பிரெஞ்சில் கேஸ் என்றும் இத்தாலியத்தில் காஸ்ஸா என்றும் ஒலிக்கும் சொற்கள் இன்றும் பெட்டியையும் கடையில் பணம் செலுத்தும் இடத்தையும் குறிக்கின்றன. ரோம் நகரக் கடைகளில் காசாளர் அமரும் இடத்துக்கு மேலே இந்தச் சொல்லையே எழுதி வைத்திருப்பார்கள். இவற்றுக்கெல்லாம் மூலம் காப்ஸா என்னும் லத்தீன் சொல். ரோமானியர் ஏட்டுச் சுருள்களை வைத்த உருளை வடிவப் பெட்டிக்கு அது பெயர். அச்சொல்லும், பிடித்தல், கொள்ளுதல் என்னும் பொருளுடைய ஒரு வினையிலிருந்து வந்தது. அதே காப்ஸாவுக்குக் குறுமைப் பொருள் தரும் விகுதியைச் சேர்த்தால் மருந்துக்கடையில் வாங்கும் கேப்சூல் கிடைக்கிறது. சிறு பெட்டி என்பதே அதன் நேர்ப்பொருள். சூட்கேஸில் உள்ள கேஸும், ஒரு காலத்தில் சிராங்கூன் சாலைக் கடைகளில் அடுக்கடுக்காக விற்ற கேசட்டும் அதே குடும்பத்தவை. இப்படி ஒரு சொல்லுக்குப் பல மொழிகளில் உடன்பிறப்புகள் வரிசையாகக் கிடைத்து, அவை அனைத்தும் ஒரே பழம்பொருளைச் சுட்டினால், அந்த வரலாற்றை உறுதியாக ஏற்கலாம். கல்லாவில் கொடுக்கும் கேஷ், தமிழ்க் காசிலிருந்து பிறந்ததன்று.

மேடைப் பேச்சு இங்கே விழுந்துவிட்டது. ஆனால் தேடலை இவ்விடத்தில் நிறுத்துபவர், சுவையான பாதியைத் தவறவிடுகிறார்.

தமிழ்ப் பக்கத்தையும் அதே கண்டிப்போடு பாருங்கள்

ஆங்கிலச் சொல்லிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் தமிழ்ச் சொல்லிடமும் கேட்பதுதான் நேர்மை. காசு என்பதும் ஒரே சொல் அன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் பாராட்டும்போது “மாசறு பொன்னே வலம்புரி முத்தே காசறு விரையே” என்கிறான். இங்கே காசு என்பதற்குக் குற்றம் என்பது பொருள். குற்றமற்ற நறுமணமே என்று விளிக்கிறானே தவிர, பணத்தைப் பற்றி அவன் பேசவில்லை.

நாணயத்தோடு உறவுடைய காசைக் குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் காணலாம். அள்ளூர் நன்முல்லை பாடியது அது. பொருள் தேடிப் பிரிந்த தலைவன் செல்லும் வழியில், கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. அந்தக் காட்சி, புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் தன் கூரிய நகங்களுக்கிடையே பிடித்திருக்கும் “பொலங்கல ஒருகாசு” போல இருக்கிறதாம். அது நாணயமா, மணியா? வேப்பம்பழத்தோடு ஒப்பிட வேண்டுமானால் தட்டையான வட்டைவிட உருண்டையான பொன்மணியே பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். எப்படியாயினும் அது நகையில் கோக்கப்பட்ட பொன். சிராங்கூன் சாலை நகைக்கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னே தொங்கும் காசுமாலை, அந்தப் பழம்பொருளை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பணம் என்னும் பொருள் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும் இடம் 7ஆம் நூற்றாண்டுத் தேவாரம். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு கொடுத்தார் என்பது வரலாறு. சம்பந்தர் பெற்ற காசை மட்டும் கடைக்காரர் வட்டம் பிடித்துக்கொண்டே மாற்றித் தந்தார்களாம். அதனால் அவர் “வாசி தீரவே காசு நல்குவீர்” என்று பாடினார். வாசி என்பது நாணயத்தை மாற்றும்போது குறைத்துக்கொள்ளும் வட்டம். முஸ்தஃபா நிலையத்தைச் சுற்றியுள்ள நாணய மாற்றுக் கடைகளில் வாங்கும் விலையும் விற்கும் விலையும் வேறாக எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் நினைவுக்கு வரும். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் ஈழக்காசு முதலிய பெயர்களோடு இச்சொல் பரவலாகக் காணப்படுகிறது.

யாப்பிலக்கணத்திலும் காசுக்கு ஓர் இடம் உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் முடிய வேண்டும். “அருளில்லார்க்கு அவ்வுலகம் இல்லை பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லாகி யாங்கு” என்ற குறளை அலகிட்டுப் பாருங்கள். பொருளில்லாதவரைப் பற்றிய அந்தக் குறளின் கடைசிச் சீர் காசு என்னும் வாய்பாட்டில்தான் முடிகிறது. இது சொற்பிறப்புக்குச் சான்றாகாது. சொல்லாமல் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்க் காசின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே இரண்டு கருத்துகள் உள்ளன. பொன், வெள்ளி நிறுக்கும் எடையளவான கர்ஷ என்னும் வடசொல்லிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது என்பர் ஒரு சாரார். மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலும் வழங்கும் திராவிடச் சொல்லே அது என்பர் மற்றொரு சாரார். இத்தகைய இடத்தில் நம் விருப்பத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது தகாது. இரண்டையும் எழுத வேண்டும்.

யார் கொண்டுபோனார்கள்?

நடுவர் கேட்ட இரண்டாவது கேள்விதான் சொற்பிறப்பின் உயிர்நாடி. சொல் தானாகப் பறந்து செல்வதில்லை. அதை ஒரு கப்பலோ, ஒரு சந்தையோ, ஒரு படையோ சுமந்து செல்ல வேண்டும். சுமந்தவர் யார் என்று காட்ட முடியாத உறவை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இங்கே சுமந்தவர்கள் போர்த்துக்கீசியர். 1498இல் கோழிக்கோட்டுக்கும் 1511இல் மலாக்காவுக்கும் வந்துசேர்ந்த அவர்கள், தென்னிந்தியத் துறைமுகங்களில் கேட்ட காசு என்ற சொல்லைத் தம் நாவுக்கு ஏற்ப கைஷா என்று ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் ஏற்கெனவே ஒரு கைஷா இருந்தது. பெட்டி என்று பொருள்படும் அது, லத்தீன் காப்ஸாவின் பேரப்பிள்ளை! புதிதாகக் கேட்ட அயற்சொல்லை, தமக்குப் பழக்கமான வீட்டுச் சொல்லின் உருவத்தில் அவர்கள் வார்த்துவிட்டார்கள். பின்னர் ஆங்கிலேயர் அந்த நாணயப் பெயரைப் போர்த்துக்கீசியரிடமிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெற்றபோது, அதே கதை இன்னொரு முறை நடந்தது. பணப்பெட்டியைக் குறித்த கேஷ் அவர்கள் மொழியிலும் அப்போதுதான் நிலைகொண்டிருந்தது. எனவே நாணயத்தையும் கேஷ் என்றே எழுதினார்கள். லத்தீன் பெட்டியும் தமிழ்க் காசும் இரண்டு மொழிகளில் இரண்டு முறை சந்தித்து, ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன. நாம் குழம்பியதில் தவறில்லை. நம்மைவிட முன்னதாகப் போர்த்துக்கீசியரும் ஆங்கிலேயரும் குழம்பியிருக்கிறார்கள்.

இந்த இரண்டாவது கேஷ் வெறும் அகராதிச் சொல் அன்று. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று வாய்பாடு இருந்தது. பணம் என்பது இங்கே ஒரு சிறு நாணயத்தின் பெயர், வராகன் பொன் நாணயம். பெருக்கிப் பார்த்தால் ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1803இல் இங்கிலாந்திலேயே அடிக்கப்பட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்ட செப்பு நாணயங்களில் இருபது கேஷ் என்று ஆங்கிலத்திலும், இருபது காசு நான்கு ஃபலூஸ் என்று பாரசீக எழுத்திலும் பொறித்திருந்தார்கள். இவ்வகை நாணயங்களைப் பெரும் அளவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்டனர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு அகல்வதற்குள் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. பல தலைமுறைகளுக்குப் பிறகு கடலடியிலிருந்து மீட்கப்பட்ட அந்தக் காசுகளை இன்று நாணயச் சேகரிப்பாளர்கள் எளிதாக வாங்குகிறார்கள். திருவிதாங்கூர் அரசிலோ 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு இந்திய விடுதலைக் காலம் வரை நடைமுறையில் இருந்தது.

ஐரோப்பியர் அப்பெயரை அத்தோடு விடவில்லை. மலாய்த் தீவுகளின் சிறு நாணயங்களுக்கும், நடுவே சதுரத் துளையிட்டு கயிற்றில் கோக்கப்பட்ட சீனச் செப்புக்காசுகளுக்கும் அதையே சூட்டினார்கள். ஃபோர்ட் கேனிங் குன்றிலும் சிங்கப்பூர் ஆற்றங்கரையிலும் நடந்த அகழாய்வுகளில் கிடைத்த பழைய சீன நாணயங்களை ஆங்கிலத்தில் கேஷ் என்றே குறிப்பிடுகிறார்கள். சைனாடவுன் கடைகளில் சிவப்பு நூலில் கட்டித் தொங்கவிடப்படும் துளைக்காசுகளுக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். சீனர் தம் மொழியில் அவற்றை அப்படி அழைப்பதில்லை. ஆக, சீன நாணயத்தின் ஆங்கிலப் பெயரில்தான் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, கல்லாவில் நீட்டும் கேஷில் இல்லை. போட்டியில் சிறுமி இதைச் சொல்லியிருந்தால் நடுவரே எழுந்து நின்றிருப்பார்.

தற்செயலா, உறவா?

இவ்வளவு சான்று கிடைக்காத சொற்களுக்கு என்ன செய்வது? அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரு சொற்களின் மிகப் பழைய வடிவங்களைத் தேடி எடுத்து அருகருகே வையுங்கள். உண்மையான உறவு இருந்தால், கடன் வாங்கிய காலத்தை நோக்கிப் போகப் போக ஒற்றுமை கூடும். தற்செயலாக இருந்தால் குறையும்.

எட்டு, எய்ட் என்னும் எண்ணுப் பெயர்களை எடுத்துக்கொள்வோம். இன்று இவை இரட்டைப் பிள்ளைகள் போல ஒலிக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் அது எயஹ்தா என்பது போல ஒலித்தது. லத்தீனில் அதன் உறவு ஆக்டோ, வடமொழியில் அஷ்ட. தமிழில் பின்னோக்கிப் போனால், எண்பது, எண்ணூறு, எண்திசை ஆகியவற்றில் எஞ்சியிருக்கும் எண் என்னும் வேர் கிடைக்கிறது. கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. ஆக்டோவுக்கும் எண்ணுக்கும் என்ன ஒற்றுமை? ஒன்றுமில்லை. சாலையில் எதிரெதிரே வந்த இருவர் ஒரே நிறச் சட்டை அணிந்திருந்தார்கள், அவ்வளவே.

இதற்கு நேர்மாறாக, பேச்சுத் தமிழின் துட்டையும் மலாய்க்காரர் பணத்துக்கு வழங்கும் டுயிட்டையும் பாருங்கள். இரண்டுக்கும் மூலம் டச்சுக்காரரின் டுயிட் என்னும் சிறு செப்பு நாணயம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பத்தேவியாவை (இன்றைய ஜக்கார்த்தா) 1619இலும், மலாக்காவை 1641இலும், நாகப்பட்டினத்தை 1658இலும் தன் கைக்குள் கொண்டுவந்தது. சுமந்தவர் யார், காலம் எது, பொருள் என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் இங்கே தடையின்றி விடை கிடைக்கிறது. கேலாங் சிராய் சந்தையில் மலாய் அக்கா ஒருவர் டுயிட் என்று சொல்லும்போதும், ஊரிலிருந்து வந்த மாமா துட்டு என்று சொல்லும்போதும், இருவரும் ஒரே டச்சுச் செப்பைத்தான் எண்ணுகிறார்கள்.

கட்செவியில் (வாட்ஸ்அப்பில்) வரும் எழுத்துக்கூட்டுக் கதைகளைச் சோதிக்கவே தேவையில்லை. நியூஸ் என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தது என்பது அவற்றுள் ஒன்று. புதியவை என்ற பொருளில் நியூ என்பதன் பன்மையாகவே அச்சொல் வந்தது. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. எனவே, அதைவிடப் பழைய சொல் ஒன்றுக்கு அப்படிக் கதை வந்தால் ஒதுக்கிவிடலாம்.

எங்கே தேடுவது?

ஆங்கிலப் பக்கத்துக்கு முதன்மையானது ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928இல் நிறைவெய்திய அது, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு கூடிய மேற்கோள்களை வரிசையாகத் தருவதால், பொருள் மாறிய தடத்தை நம் கண்ணாலேயே பார்க்கலாம். அவசரத்துக்கு டக்ளஸ் ஹார்ப்பரின் இலவச இணையச் சொற்பிறப்பு அகராதி உதவும். அதில் சுருக்கம்தான் கிடைக்கும், மேற்கோள்கள் குறைவு. இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கு, ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ஹாப்சன்–ஜாப்சன் தவிர்க்க முடியாதது. முகரம் ஊர்வலத்தில் எழுந்த “யா ஹசன், யா ஹுசைன்” என்ற முழக்கத்தை ஆங்கிலப் படைவீரர்கள் தம் காதுக்கு ஏற்பத் திரித்ததுதான் அப்பெயர். காலனி அதிகாரிகளின் பார்வையில் எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஆயினும் அதிலுள்ள பழைய பயணக் குறிப்புகளுக்கு ஈடில்லை.

தமிழ்ப் பக்கத்துக்கு, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் அதில் கட்டணமின்றித் தேடலாம். பர்ரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் அங்கேயே உள்ளது. அச்சு நூலைப் புரட்டித்தான் பழக்கம் என்பவர்கள், விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில் ஒரு பிற்பகலைச் செலவிடலாம். அங்கே வீட்டுக்கு இரவல் தரமாட்டார்கள் என்பதால் குறிப்பேடு கொண்டுபோவது நல்லது. ஓர் அகராதி சொன்னதை மற்றோர் அகராதியில் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். இரண்டும் முரண்பட்டால் கலங்க வேண்டாம். அந்த முரண்பாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்டதை எழுதும்போது உறுதியின் அளவும் சொல்லில் தெரிய வேண்டும். என் உறவுக்காரச் சிறுமி பின்னர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது இது: “ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்னும் பொருளுடைய லத்தீன் காப்ஸாவிலிருந்து பிரெஞ்சு அல்லது இத்தாலியம் வழியாக வந்தது. சிறு நாணயத்தைக் குறிக்கும் கேஷ், தமிழ்க் காசிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக வந்தது. தமிழ்க் காசின் வேர் வடமொழியா திராவிடமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.” முதல் இரண்டு வரிகள் திட்டமாகவும் மூன்றாவது வரி தயக்கத்தோடும் அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

அவள் இப்போது ரொக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அரசாங்க உதவித்தொகை பற்றிய தமிழ்க் கடிதங்களில் கேஷ் என்பதற்கு இணையாக அச்சொல்தான் வருகிறது. கேட்பதற்குத் தூய தமிழ் போலவும் இருக்கிறது. ஆனால் தெலுங்கில் ரொக்கம், கன்னடத்தில் ரொக்க, மராத்தியில் ரோக், இந்தியில் ரோக்கட் என்று அதற்கும் ஊரெங்கும் உறவுகள் இருக்கின்றன. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வாராது என்பது இலக்கணம். போன வாரம் தொலைபேசியில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “மாமா, இதை யார் கொண்டுவந்தார்கள்?”